குருவைக் குற்றம் சொல்லலாமா?

என் மேஜை மேல் ஓர் இங்கிலீஷ் புத்தகம் வெகுநாளாகக் கிடக்கிறது. வாழ்வையும் சாவையும் பற்றித் திபெத்திய பௌத்தம் சொல்வதை எடுத்துரைக்கும் நூல். 1992ல் வெளியானது. எழுதியவர் சோக்யால் ரின்போச்சே. என் தமையனார் நோயாய்க் கிடந்த மாதங்களில் ஒரு நண்பர் கொண்டுவந்து கொடுத்தார். போகப் போகிறவரின் பக்கத்தில் எப்படி உட்கார்ந்திருப்பது, என்ன பேசுவது, எப்போது பேசாமலிருப்பது என்பதையெல்லாம் அதிலிருந்துதான் நான் கற்றுக்கொண்டேன். இதை மறைக்க எனக்கு இஷ்டமில்லை.

அந்த ஆசிரியருடைய நெடுநாளைய சீடர்கள் எட்டுப் பேர் 2017 ஜூலையில் அவருக்கே ஒரு கடிதம் எழுதினார்கள். சீடர்களை அடித்தது, பெண் சீடர்களைத் தம் இச்சைக்கு ஆளாக்கியது, காணிக்கைப் பணத்தில் ஆடம்பரமாய் வாழ்ந்தது எல்லாவற்றையும் அதில் பட்டியல் போட்டிருந்தார்கள். அடுத்த மாதமே அவர் தலைமைப் பதவியை விட்டு விலகினார். ரிக்பா என்கிற அவருடைய ஸ்தாபனமே வக்கீல் கம்பெனி ஒன்றை விசாரிக்கச் சொல்லிற்று. 2018ல் வந்த அறிக்கை, சீடர்களில் சிலர் கடுமையான கொடுமைக்கு ஆளானது உண்மையே என்றது. மேல்மட்டத்திலிருந்த சிலருக்கு இதில் கொஞ்சமாவது தெரிந்திருந்தும் சும்மா இருந்துவிட்டார்கள் என்றும் சொல்லிற்று. 2019ல் அவர் பாங்காக்கில் காலமானார்.

இவற்றில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அவருடைய குற்றமல்ல. மனிதன் தவறுவான், காவி கட்டினாலும் தவறுவான். கலிபோர்னியாவில் ஒரு பெண் அவர்மேல் வழக்குப் போட்டது 1994ல். அது கோர்ட்டுக்கு வெளியே சமாதானமாக முடிந்து போயிற்று. அதற்குப் பிறகு அந்த எட்டுப் பேரின் கடிதம் வருவதற்கு இருபத்து மூன்று வருஷங்கள் ஆயின. இத்தனை காலமும் அவரைச் சுற்றி இருந்தவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? படித்தவர்கள், உத்தியோகம் பார்த்தவர்கள், வெளியே ஓர் அநியாயத்தைக் கண்டால் தட்டிக் கேட்கக் கூடியவர்கள்!

என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். நானும் அதைச் செய்திருக்கிறேன்.

பன்னிரண்டு வயதில் என்னை ஒரு பாட்டு வாத்தியாரிடம் விட்டார்கள். மகா வித்வான். அவர் வீட்டுத் திண்ணையில் நாங்கள் ஐந்து பேர். ஒருநாள் சாதகத்தின்போது என் பக்கத்திலிருந்த பையன் தாளம் தப்பினான். வாத்தியார் எழுந்து வந்து ஓர் அறை விட்டார். பையனின் காதிலிருந்து ரத்தம் வந்தது. சாயங்காலம் அவனுடைய தகப்பனார் வந்து எங்களைத்தான் கேட்டார். நான்தான் முந்திக்கொண்டு, “படியிலே வழுக்கி விழுந்துட்டான், மாமா” என்றேன். யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. வாத்தியார் உள்ளே இருந்தார்; அவர் காதில் விழவேண்டும் என்றேதான் உரக்கச் சொன்னேன். மறுநாள் எனக்கு ஒரு புது வர்ணம் ஆரம்பித்து வைத்தார்.

வாத்தியாரிடம் எனக்குப் பயம் இருந்தது உண்மை. ஆனால் அன்று என்னைப் பேச வைத்தது பயமல்ல. அவருடைய சங்கீதம் எனக்கு வேண்டியிருந்தது. அதற்கு அந்தப் பையனின் காது விலை என்றால் கொடுத்துவிடலாம் என்று என்னுள்ளே ஏதோ ஒன்று கணக்குப் போட்டுவிட்டது. குருமார்களைச் சுற்றி எழும்பும் மதிற்சுவரில் செங்கல்லாக இருப்பவர்கள் பெரும்பாலும் என்னைப் போன்ற நல்ல மாணவர்கள்தாம்.

திபெத்திய வஜ்ரயானத்தில் இந்தச் சுவருக்குச் சாஸ்திரத்தின் காரையும் பூசியாகிறது. குருவைப் புத்தராகவே பார்க்கவேண்டும். அவரிடம் குறை காண்பது தான் எடுத்துக்கொண்ட விரதத்தையே முறிப்பதாகும் என்பார்கள். இதை வெறும் ஏமாற்று என்று தள்ளிவிட நான் தயாராயில்லை. தன் புத்தியே பெரிதென்று நினைத்துத் திரிகிறவனுக்கு, ஒருவர் முன்னால் முழுசாகக் குனிந்து நிற்பது எப்பேர்ப்பட்ட விடுதலை என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். ஆனால் குனிந்தவன் முதுகில் ஏறி உட்காரும் உரிமை யாருக்கு வந்தது? அந்த மரபிலேயே, ஒருவரைக் குருவாக ஏற்பதற்குமுன் பன்னிரண்டு ஆண்டுகள்கூடச் சோதித்துப் பார்க்கலாம் என்று சொல்வதுண்டு. அந்தப் பன்னிரண்டு வருஷத்தை விட்டுவிட்டு, பிறகு வரும் சரணாகதியை மட்டும் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேற்றிவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இனிப் புத்தரிடமே போவோம். இந்த நோய் அவருக்குப் புதிதல்ல. வினய பிடகத்தில் உதாயி என்று ஒரு பிக்கு வருகிறார். ஆள் சாமர்த்தியசாலி. வீட்டுக்கு வந்த பிக்குவை உபசரிக்க விரும்பிய ஓர் இளம் விதவையிடம், உடையும் உணவும் எங்கும் கிடைக்கும், கிடைக்காததைக் கொடு என்கிறார். சீலமுள்ள துறவிக்கு ஒரு பெண் தன் உடலால் செய்யும் சேவையே மிக உயர்ந்த தானம் என்ற தோரணையில் பேச்சு போகிறது. 2017 கடிதத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்தில் வசனம்கூட அதிகம் மாறவில்லை!

புத்தர் இதை உதாயியின் சொந்த விஷயம் என்று விடவில்லை. சங்காதிசேஷம் என்ற கடுமையான குற்ற வரிசையில் சேர்த்தார். குற்றம் செய்த பிக்கு அதை எத்தனை நாள் மறைத்தானோ அத்தனை நாள் முதலில் ஒதுங்கியிருக்க வேண்டும். அதன்மேல் இன்னும் ஆறு நாள் பிராயச்சித்தம். அந்தக் காலத்தில் கடைசி இடத்தில் உட்கார வேண்டும். சீடர்களை ஏற்கக் கூடாது. மீண்டும் சேர்த்துக்கொள்ள இருபது பிக்குகள் கூடவேண்டும். மறைத்த நாளுக்குத் தனிக் கணக்கு வைத்த அந்த நுட்பத்தை நினைத்து நினைத்து வியக்கிறேன்.

அதைவிடப் பெரிய காரியம் இன்னொன்று. அதே உதாயி ஓர் இளம்பெண்ணோடு தனித்து உட்கார்ந்திருந்ததை விசாகை பார்த்துவிட்டாள். விசாகை துறவியல்ல, பிள்ளை குட்டிகளோடு குடும்பம் நடத்திய சாவத்தி நகரத்து அம்மாள். இது தகாது என்று அவரிடமே நேரில் சொன்னாள். அவர் லட்சியம் செய்யவில்லை. அவள் மற்றப் பிக்குகளிடம் போய்ச் சொன்னாள். விஷயம் புத்தரிடம் போயிற்று. விளைவு, நம்பத் தகுந்த ஓர் இல்லறப் பெண்ணின் வாய்ச்சொல்லே ஒரு பிக்குவை விசாரிக்கப் போதும் என்று விதி ஏற்பட்டது. ‘நீ பெண், நீ சம்சாரி, துறவியின் நிலை உனக்கு என்ன தெரியும்?’ என்று அவளை யாரும் திருப்பி அனுப்பவில்லை.

ஏட்டில் விதி இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. நம் காஞ்சிபுரத்தில் ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனத்தில் ஒரு பௌத்தத் துறவி வருகிறார். நல்ல சாப்பாட்டையும் படுக்கையையும் அனுமதித்த புத்தர், கள்ளையும் பெண்ணையும் மட்டும் விட்டுவிட்டிருப்பாரா, கிழட்டுத் தேரர்கள்தாம் அந்தப் பகுதியை ஒளித்துவிட்டார்கள் என்று அவருக்குச் சந்தேகம்! அரசன் சைவன், கேலி பண்ணியிருக்கிறான் என்று சொல்லலாம். ஆனாலும் முழுப் பொய்யைக் கேலி செய்தால் யாருக்கும் சிரிப்பு வராது.

இந்தக் காலத்துக்கு வருவோம். 1993ல் தர்மசாலாவில் மேல்நாட்டு பௌத்த ஆசிரியர்கள் தலாய் லாமாவோடு உட்கார்ந்து இதைத்தான் பேசினார்கள். ஆசிரியர் வரம்பு மீறினால் மாணவர்கள் எதிர்த்துக் கேட்கலாம், திருந்தாவிட்டால் ஊரறியச் செய்யலாம் என்று அந்தக் கூட்டத்தின் பேரில் ஒரு பகிரங்கக் கடிதமும் வந்தது. வந்து என்ன? 2018ல் ஹாலந்தில், பல பௌத்த ஆசிரியர்களால் பாதிக்கப்பட்டவர்களில் சிலர் தலாய் லாமாவைச் சந்தித்தபோது, இது தமக்குப் புதிய செய்தியல்ல என்றே அவர் சொன்னார். அவரிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அந்தப் பதிலைப் படித்தபோது எனக்கு என் பழைய திண்ணை ஞாபகம் வந்தது.

ஸான்பிரான்ஸிஸ்கோவிலுள்ள ஜென் மடத்தின் கதை கொஞ்சம் வேறு. 1983ல் அங்கே தலைமைக் குருவின் நடத்தையைப் பற்றிப் பெரிய கலகம் மூண்டது, அவர் போகவேண்டியதாயிற்று. மடத்தை அவர்கள் மூடவில்லை. இன்னொரு மகானைத் தேடிப் பிடித்து எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டவுமில்லை. தலைமைக் குருவின் பதவிக்குக் கால வரையறை வைத்தார்கள். குறை சொல்ல வருகிறவர் யாரிடம் போவது, எப்படி விசாரிப்பது என்பதையெல்லாம் எழுதி வைத்தார்கள். கேட்பதற்கு முனிசிபல் ஆபீஸ் சமாசாரம் போல இருக்கும். ஞானத்துக்குக் குமாஸ்தா வேலை எதற்கு என்று முகம் சுளிக்கிறவர்கள் வினய பிடகத்தைப் புரட்டிப் பார்க்கட்டும். அது அத்தனையும் குமாஸ்தா வேலைதான்.

அப்படியானால் மேஜை மேலிருக்கும் அந்தப் புத்தகத்தை என்ன செய்வது என்று என் மனைவி கேட்டாள். எரிக்க மனம் வரவில்லை. அதிலுள்ள வார்த்தைகள் என் அண்ணாவுக்கு உதவின என்பது பொய்யாகிவிடாது. ஆனால் அந்த உதவியைக் காட்டி, அடிபட்டவர்களிடம், ‘இருந்தாலும் அவர் எவ்வளவு நல்லது செய்திருக்கிறார்!’ என்று சொல்ல எனக்கு வாயில்லை. அன்று எனக்குக் கிடைத்த வர்ணத்தை இன்றும் பாடுகிறேன். நன்றாகத்தான் வருகிறது. அந்தப் பையனுக்கு அந்தப் பக்கத்துக் காது இன்னமும் மந்தம். போன வருஷம் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். மறுபக்கம் வந்து உட்காரச் சொன்னான், உட்கார்ந்தேன். படியில் வழுக்கியதைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மழைக்காலத் தங்கல் முடியும் நாளில் பிக்குகள் பவாரணை என்று ஒரு சடங்கு செய்கிறார்கள். என்னிடம் கண்ட குற்றம், கேட்ட குற்றம், சந்தேகப்பட்ட குற்றம் எதுவானாலும் கருணை கூர்ந்து சொல்லுங்கள் என்று ஒவ்வொருவரும் சபையை வேண்டிக்கொள்ள வேண்டும். ஆரம்பிப்பவர் கடைக்குட்டியல்ல, சபையில் மூத்தவர். ஒரு பௌர்ணமி இரவில் ஐந்நூறு பிக்குகள் சூழ உட்கார்ந்திருந்த புத்தர், தம் செயலிலோ சொல்லிலோ குறை சொல்ல ஏதாவது உண்டா என்று அவர்களைக் கேட்டதாகப் பாலி நூலில் இருக்கிறது. சாரிபுத்தர் எழுந்து, இல்லை என்றார்; உடனே தம்மைப் பற்றியும் அதே கேள்வியைக் கேட்டார். அவர்கள் அன்று கூடியிருந்த மாளிகை, விசாகை கட்டிக் கொடுத்தது.