விமானி ஆக விரும்பும் பையனிடம் எதைக் கேட்பது?

இளைஞர் நீதிக் குழுமத்தில் சமூகப் பணி உறுப்பினராக நான் இருந்த காலத்தில், எங்கள் முன் வந்த பையன்களிடம் “என்ன ஆகணும்னு ஆசை?” என்று கேட்டால் பெரும்பாலும் தரையைப் பார்ப்பார்கள். சிலர் போலீஸ் என்பார்கள். “பைலட்” என்று தலை நிமிர்ந்து சொன்ன ஒருவனை மறக்க முடியவில்லை. அவனுக்கு அப்போது 16 வயது. கூட்டாளிகளோடு சேர்ந்து, தெருவில் சாவியோடு நின்ற பைக்கை ஓட்டிக்கொண்டு போய், பெட்ரோல் தீர்ந்த இடத்தில் போட்டுவிட்டு வந்திருந்தான். அவன் யார், எந்த ஊர் என்பதை எழுதக் கூடாதென்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு தடுக்கிறது. தடுக்காவிட்டாலும் எழுத மாட்டேன்.

சில ஆண்டுகள் கழித்து அவன் அம்மா என்னைத் தேடி வந்தார். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் எடுத்துப் படித்துத் தேறியிருந்தான். விமானப் பயிற்சிப் பள்ளியில் சேர வேண்டும். கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்குக் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு அரைக் கோடியைத் தாண்டும். கையில் இருப்பது கொஞ்சம் நிலம் மட்டும். “நிலத்தை வித்துப் படிக்க வெச்சுட்டு, கடைசியில போலீஸ் வெரிஃபிகேஷன்ல நிறுத்திட்டா நாங்க எங்க சார் போவோம்?” என்றார்.

கையோடு கொண்டுவந்த விண்ணப்பத்தைக் காட்டினார். எல்லாக் கட்டங்களும் நீல மையில் நிரம்பியிருந்தன. ‘இதற்கு முன் கைது செய்யப்பட்டதுண்டா? வழக்கு ஏதும் உண்டா?’ என்ற கட்டத்தில் மட்டும் பென்சிலால் ‘இல்லை’ என்று எழுதி, அழித்து, மறுபடி எழுதி, மறுபடி அழித்திருந்தான். தாள் அந்த இடத்தில் நைந்து போயிருந்தது.

சட்டம் அவன் பக்கம்தான் இருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 24-வது பிரிவில், சிறார் செய்த குற்றத்தால் பின்னாளில் எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது என்கிறது. கொடிய குற்றத்துக்காக, 16 வயது கடந்த நிலையில், வயது வந்தவரைப் போல விசாரிக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே விலக்கு. 2016-இன் மாதிரி விதிகள் இன்னும் நுணுக்கமாகப் போகின்றன. சிறிய குற்றங்களுக்கு எஃப்.ஐ.ஆர். போடாமல் பொது நாட்குறிப்பில் பதிந்தால் போதும். குழுமத்தின் உறுப்பினர்கள் உயரமான மேடையில் உட்காரக் கூடாது, சாட்சிக் கூண்டு இருக்கக் கூடாது. சிறாரைக் கையாளும் காவலர் சீருடையில் வரக் கூடாது. அப்படி ஓர் அறையில், எங்களுக்கு எதிரே சாதாரண நாற்காலியில், பாட்டி வாங்கித் தந்த புதுச் சட்டையோடு அவன் உட்கார்ந்திருந்தான். மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை, அல்லது ஏழு ஆண்டுகள் பதிவேட்டை வைத்திருந்து, அதன் பிறகு அழித்துவிட வேண்டும் என்பதும் விதிதான். இவ்வளவும் அந்தப் பிள்ளை திரும்பிப் பார்க்காமல் நடந்து போவதற்காக யோசித்து எழுதப்பட்டவை.

ஆனால் விமான நிலையத்தின் உள்ளே நடமாட அனுமதி அட்டை வேண்டும். அதற்குப் பின்னணிச் சரிபார்ப்பு உண்டு. விசாரிக்க வருபவர் பதிவேட்டை மட்டும் புரட்டுவதில்லை. டீக்கடையில் கேட்பார், பக்கத்து வீட்டில் கேட்பார். காகிதத்தை அழித்துவிடலாம், ஊர் வாயை என்ன செய்வது? இன்னொரு சிக்கலும் இருக்கிறது. காகிதம் அழிந்த பிறகு, ‘அந்த விவகாரம் முடிந்துவிட்டது’ என்று காட்ட அவனிடமும் ஒரு துண்டுச் சீட்டு மிஞ்சாது.

நீதிமன்றங்கள் இதைப் பலமுறை தொட்டிருக்கின்றன. அவ்தார் சிங் வழக்கில், 2016-இல், உச்ச நீதிமன்றம் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றது. சின்ன வயதில் நடந்த சிறு குற்றங்களைப் பெரிதுபடுத்தாமல் விடலாம் என்றும் சொன்னது. 2019-இல் ரமேஷ் பிஷ்னோய் வழக்கில், மத்தியத் தொழில் பாதுகாப்புப் படைக்குத் தேர்வான ஒருவருக்கு, சிறுவயது வழக்கைக் காரணம் காட்டி வேலை மறுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. நம் பெரிய விமான நிலையங்களைக் காவல் காப்பது அந்தப் படைதான். 2021-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் ஒரு படி மேலே போய், சிறாராக இருந்தபோது நடந்த வழக்கைச் சொல் என்று கேட்பதே அந்தரங்க உரிமையை மீறுவது என்றது. அந்த நீதிபதி சொன்னதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனாலும் விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் அப்படியே இருக்கிறது.

‘நூற்றுக்கணக்கான உயிரை நம்பி ஒப்படைக்கிறோமே, கேட்காமல் எப்படி?’ என்று நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான பயம். அந்தப் பயத்துக்கு விமானத் துறையின் வரலாற்றிலேயே பதில் இருப்பதாக நினைக்கிறேன்.

2015 மார்ச் 24 அன்று ஆல்ப்ஸ் மலையில் ஜெர்மன்விங்ஸ் விமானத்தை வேண்டுமென்றே மோதவிட்டு, தன்னோடு சேர்த்து 150 பேர் உயிரைப் போக்கிய துணை விமானி ஆண்ட்ரியாஸ் லூபிட்ஸின் வீட்டில், கிழித்துப் போட்ட மருத்துவ விடுப்புச் சீட்டுகள் கிடைத்தன. பறக்கத் தகுதியில்லை என்று டாக்டர் எழுதியதை அவர் நிறுவனத்திடம் மறைத்திருந்தார். சொன்னால் லைசென்ஸும் வருமானமும் போய்விடும் என்ற பயம் விமானிகளின் வாயை எப்படிக் கட்டுகிறது என்பதை விசாரணை அறிக்கையே பேசியது. 1977 மார்ச் 27 அன்று டெனரிஃபில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். எதிர் விமானம் விலகிவிட்டதா என்று ஃபிளைட் இன்ஜினியர் சந்தேகப்பட்டுக் கேட்டார். கேப்டன் அடித்துச் சொன்னதும் அடங்கிப் போனார். காக்பிட்டில் இளையவர் வாய் திறந்து பேசப் பழக்கும் பயிற்சிகள் இதுபோன்ற விபத்துகளுக்குப் பிறகுதான் வேரூன்றின. அமெரிக்காவில் 1976 முதல் நாசா நடத்தும் ஓர் ஏற்பாட்டில், தெரியாமல் விதிமீறிய விமானி 10 நாளுக்குள் தானாக எழுதிக் கொடுத்தால் அபராதத்திலிருந்து தப்பலாம். தவறை மூடி மறைப்பவரைவிட ஒப்புக்கொள்பவரே பாதுகாப்பானவர் என்று இவ்வளவு விலை கொடுத்துக் கற்றது விமானத் துறை.

அப்படிப்பட்ட தொழிலின் வாசலில் நிற்கும் பையனுக்கு நாம் கொடுக்கும் முதல் பாடம், உண்மையைச் சொன்னால் உள்ளே விட மாட்டார்கள் என்பதா? இது என்னை உண்மையாகவே கலங்க வைக்கிறது. மறைக்கப் பழகிக்கொண்டு வருபவன், நாளை 35,000 அடி உயரத்தில் தன் கை தவறியதையும் மறைக்கத்தானே பார்ப்பான்?

லைல் ப்ரௌஸ் என்ற அமெரிக்க கேப்டனின் கதை இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. 1990-இல் நார்த்வெஸ்ட் விமானத்தைப் போதையில் ஓட்டிவந்து கைதானார். அது சிறுவயது விளையாட்டுத்தனம் இல்லை. வளர்ந்த மனிதர், பயணிகளை வைத்துக்கொண்டு செய்த குற்றம். சிறை சென்றார், லைசென்ஸ்கள் எல்லாம் போயின. குடியை விட்டு, ஆரம்ப லைசென்ஸிலிருந்து ஒவ்வொன்றாக மறுபடி தேறி, அதே நிறுவனத்துக்குத் திரும்பி, 747 கேப்டனாக ஓய்வு பெற்றார். பின்பு ஜனாதிபதி கிளின்டன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். எல்லோருக்கும் அறிமுகமான குற்றவாளியாக நின்று, ஒன்றையும் ஒளிக்காமல் அவர் திரும்பினார். அவருக்குத் திறந்த கதவு, பைக்கை எடுத்த 16 வயதுப் பையனுக்குத் திறக்காதா?

அந்த அம்மாவிடம் நான் சொன்னது என் மனசுக்கு முழுதாக ஒப்பிய ஆலோசனை இல்லை. ‘இல்லை’ என்று எழுத வேண்டாம் என்றேன். பதிவேடு அழிவதற்குள் குழுமத்தின் ஆணை நகலை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின்படி முடிக்கப்பட்டது, 24-வது பிரிவு பொருந்தும் என்று ஒரே வரி எழுதி நகலை இணையுங்கள். நிலத்தில் கை வைப்பதற்கு முன் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள் என்றேன். சட்டம் மூடச் சொன்ன பக்கத்தை அந்தப் பையனே திறந்து காட்டும்படி ஆகிறது. அதை நினைத்தால் இப்போதும் வருத்தம்தான். ஆனால் அவன் பென்சிலோடு போராடியதை நான் பார்த்திருக்கிறேன். பொய்யை எழுத அவன் கை வரவில்லை. அந்தக் கையை நம்பி நான் விமானத்தில் ஏறுவேன்.

திருத்த வேண்டியது விண்ணப்பத்தை. ‘18 வயது நிறைவதற்கு முன் நடந்தவற்றைக் குறிப்பிட வேண்டியதில்லை’ என்று அந்தக் கேள்விக்குக் கீழே ஒரு வரி சேர்த்தால் போதும். புதுச் சட்டம் தேவையில்லை, இருக்கும் சட்டத்தின் நோக்கமே அதுதான். பயிற்சிப் பள்ளிகளும் விமான நிறுவனங்களும் அடுத்த முறை ஃபார்ம் அச்சடிக்கும்போதே இதைச் செய்துவிடலாம்.