பசிக்காத திருடன்

திருமங்கையாழ்வாருக்கு நான்கு கூட்டாளிகள். கால் நனையாமல் ஆற்றைக் கடக்கும் நீர்மேல் நடப்பான், நிழலோடு நிழலாகக் கரையும் நிழலில் மறைவான், பூட்டை ஊதியே திறக்கும் தாளூதுவான், வாதத்தில் எவரிடமும் தோற்காத தோலாவழக்கன். ஹாலிவுட்காரர்களுக்கு இதற்கு நான்கு நடிகர்களும் நான்கு அறிமுகக் காட்சிகளும் வேண்டியிருக்கும். வைணவ குருபரம்பரைக் கதை நான்கு பெயர்களிலேயே வேலையை முடித்துவிட்டது.

அவர்கள் திருடப் போன இடம் நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரம். பொருள், பொன்னாலான புத்தர் சிலை. காவலுக்கு ஓர் இயந்திரப் பொறி. அதைச் செய்த சிற்பியையே தேடிப் போய், பேச்சுக் கொடுத்துச் சூட்சுமத்தைக் கறந்தார்கள் என்கிறது கதை. திரும்பி வரும்போது பாக்கு வணிகன் ஒருவனின் கப்பலில் ஏறுகிறார்கள். ஒரு பாக்கை இரண்டாக உடைத்து, கப்பலில் பாதிப் பாக்கு தன்னுடையது என்று வணிகனிடம் எழுதி வாங்கிக்கொள்கிறார் தலைவர். கரை சேர்ந்ததும் அந்தச் சீட்டைக் காட்டிக் கப்பலிலிருந்த பாக்கில் சரிபாதியைக் கேட்கிறார். பொன்னை உருக்கிக் கிடைத்த பணத்தில் திருவரங்கத்துக்கு மதில் எழும்புகிறது.

இது நடந்ததா இல்லையா என்பது வரலாற்றாசிரியர்கள் பாடு. எனக்கு வேண்டியது கேட்பவரின் முகம். பாக்குக் கட்டம் வந்ததும் எவருக்கும் சிரிப்பு வந்துவிடும். மறுநாள் காலையில் வெறும் பீடத்தின் முன்னால் வந்து நின்ற பிக்குகள் என்ன ஆனார்கள் என்று கதை சொல்வதில்லை. கேட்கவும் நமக்குத் தோன்றுவதில்லை.

கொள்ளைக் கதை சிரிப்புக் கதையாக வேண்டுமென்றால் இந்த ஒரு கேள்வி எழக் கூடாது. மற்றதெல்லாம் தொழில்நுட்பம்.

2001இல் வந்த ஸ்டீவன் சோடர்பெர்கின் 'ஓஷன்ஸ் லெவன்' அந்தத் தொழில்நுட்பத்தின் உச்சம். லாஸ் வேகாஸில் மூன்று சூதாட்ட விடுதிகளின் பணம் ஒரே பெட்டகத்தில் குவிகிறது. 15 கோடி டாலருக்கு மேல். பதினோரு பேர் சேர்ந்து அதை அள்ளுகிறார்கள். ஒருவன் கழைக்கூத்தாடிபோல் உடம்பை வளைப்பான், ஒருவன் வெடி வைப்பான், ஒருவன் கம்பி இணைப்பான், ஒரு கிழவர் வேஷம் போடுவார். சிறையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஜார்ஜ் குளூனி, கோட்டில் ஒரு மடிப்புக் கலையாமல் இவர்களையெல்லாம் மேய்ப்பார்.

இதில் நம்மை இழுப்பது பணம்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. நம்மை இழுப்பது வேலை. திறமை பார்த்து ஆள் எடுக்கிறார்கள். சாதிச் சான்றிதழோ மாமாவின் சிபாரிசோ கேட்பதில்லை. ஒவ்வொருவனுக்கும் அவனுக்கு நன்றாக வருகிற வேலை. தலைவன் கத்துவதில்லை, மற்றவன் செய்ததைத் தான் செய்ததாக மேலே சொல்லிக்கொள்வதில்லை. முடிந்ததும் சமபங்கு. மாதக் கடைசியில் மேலாளரின் மின்னஞ்சலுக்குப் பயந்து வாழ்கிற நடுத்தர வர்க்கத்துக்கு இதைவிட இனிமையான கனவு கிடைக்காது. சட்டப்படி நடக்கும் அலுவலகத்தில் கிடைக்காத மரியாதை, சட்டத்தை உடைக்கிற கும்பலில் கிடைக்கிறது. அதற்கு நாம் கைதட்டினால் அது சமூகத்தைப் பற்றிய புகார் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

ஆனால் கனவு கலையாமலிருக்க ஓர் ஏற்பாடு வேண்டும். பறிகொடுப்பவன் அயோக்கியனாக இருக்க வேண்டும், அல்லது முகமே இல்லாதவனாக இருக்க வேண்டும். விடுதி முதலாளி டெரி பெனடிக்ட் ஈவிரக்கமற்றவன். காதலியா பணமா என்று கேட்டால் யோசிக்காமல் பணத்தைச் சொல்கிறவன். 'மங்காத்தா'வில் (2011) தூக்கப்படும் 500 கோடி ரூபாய், கிரிக்கெட் சூதாட்டப் பணம். 'துணிவு' (2023) படத்தில் வங்கியே வாடிக்கையாளரை ஏய்க்கிறது. 'திருடா திருடா'வில் (1993) அரசாங்கத்தின் நோட்டு. அரசாங்கத்துக்கு எந்தக் காலத்தில் முகம் இருந்தது? இப்படியாக, டிக்கெட் வாங்கிய நிமிடத்திலேயே நம் மனச்சாட்சிக்கு ரசீது கொடுத்துவிடுகிறார்கள்.

ஆகவே திருடுவது தவறு என்று நாம் சின்ன வயதிலிருந்து ஒப்பித்து வந்தது நம் நம்பிக்கையே அல்ல. யாரிடம் திருடுகிறான் என்பதைப் பொறுத்தது என்பதுதான் நம் நம்பிக்கை. அதை மேடையில் சொல்ல வெட்கப்படுகிறோம். திரையரங்கின் இருட்டில் ஒப்புக்கொள்கிறோம். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. சொத்து புனிதமானது, அது எப்படிச் சேர்ந்தது என்று கேட்காதே என்று சொல்லும் ஒழுக்கத்தைவிட, உடையவன் யார் என்று கேட்கிற ஒழுக்கம் அறிவுக்கு நெருக்கமானது. கேட்பதென்று இறங்கினால் முழுதாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

முழுதாகக் கேட்ட ஒருவர் உண்டு. சூத்திரகரின் 'மிருச்சகடிகம்' பழைய வடமொழி நாடகம். அதில் சர்விலகன் என்றொரு பிராமணத் திருடன் சாருதத்தனின் வீட்டில் கன்னம் வைக்கிறான். சுவரில் எந்த வடிவத்தில் துளை போட்டால் அழகு என்று யோசிக்கிறான். திருடர்களின் குலதெய்வமாகக் கந்தனைக் கும்பிடுகிறான். ஆம், நம் முருகனைத்தான். அளவு நாடாவை மறந்துவிட்டதால் பூணூலைக் கழற்றி அளந்துகொள்கிறான். சட்டென்று பூணூலின் மற்ற பயன்களும் அவனுக்கு நினைவுக்கு வருகின்றன. பகுத்தறிவு மேடைகளில் எத்தனையோ பேர் பூணூலைக் கிண்டலடித்திருக்கிறார்கள். இந்தக் கிண்டலுக்குப் பக்கத்தில் வர முடியவில்லை. காலையில் வீட்டுக்காரனே துளையைப் பார்த்து, என்ன நேர்த்தி என்று வியக்கிறான்.

அதற்குப் பிறகுதான் சூத்திரகர் நம்மை விடாமல் பிடிக்கிறார். போன நகை சாருதத்தனுடையது அல்ல, அவனைக் காதலிக்கும் கணிகை வசந்தசேனை அவனிடம் நம்பிக் கொடுத்து வைத்தது. அவனோ ஏழையாகிப்போனவன். அவன் மனைவி, தாய்வீட்டிலிருந்து வந்த தன் ரத்தின மாலையைக் கழற்றிக் கொடுத்து ஈடுகட்டுகிறாள். அழகான துளையின் விலை ஒரு பெண்ணின் கழுத்திலிருந்து இறங்குகிறது. அவ்வளவு சிரித்த பிறகும் நாடகக்காரர் கணக்கை மறைக்கவில்லை. பெனடிக்டின் பெட்டகம் காலியான மறுநாள் அங்கே வேலை பார்த்த காவலாளிகளின் கதி என்ன? சோடர்பெர்க் அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பவே இல்லை.

நிஜக் கொள்ளைக்கு வருவோம். 1963 ஆகஸ்ட் 8 அதிகாலை, கிளாஸ்கோவிலிருந்து லண்டன் போய்க்கொண்டிருந்த தபால் ரயிலைச் சிக்னலை மாற்றி நிறுத்தினார்கள். 26 லட்சம் பவுண்டு போயிற்று. துப்பாக்கி இல்லை, கச்சிதமான திட்டம். இங்கிலாந்து கோபப்பட்டதோடு கொஞ்சம் ரசிக்கவும் செய்தது. ரோனி பிக்ஸ் சிறையிலிருந்து தப்பி, பிரேசிலுக்குப் போய் ஊரறிந்த நட்சத்திரமானார். இன்னொருவரின் கதையை 1988இல் 'பஸ்டர்' என்ற பெயரில் காதலும் சிரிப்புமாகப் படமாக்கினார்கள். பாடகர் ஃபில் காலின்ஸ்தான் கதாநாயகன். படத்தின் பாட்டுகள் உலகமெங்கும் ஓடின.

ரயிலை ஓட்டியவர் ஜாக் மில்ஸ். அவர் தலையில் அடித்தார்கள். அதற்குப் பிறகு அவர் பழைய மனிதராகத் திரும்பவில்லை. 1970இல் இறந்தார். இறந்தது ரத்தப் புற்றுநோயில், அடியினால் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், அனுதாபத்துக்காக உண்மையை வளைப்பதும் ஒருவகைக் களவுதான். அவருக்கென்று ஒரு பாட்டு கிடையாது. கொள்ளையரின் பெயர் தெரிந்த பத்துப் பேரிடம் இஞ்சின் ஓட்டியவரின் பெயரைக் கேட்டுப் பாருங்கள்.

அதே ஆகஸ்ட் 8, ஆண்டு 2016. சேலத்திலிருந்து சென்னை எழும்பூருக்குப் புறப்பட்ட ரயிலில் ரிசர்வ் வங்கிக்குப் போகவேண்டிய பழைய நோட்டு 342 கோடி ரூபாய். பெட்டியின் கூரையில் ஓட்டை போட்டு இறங்கி 5 கோடியே 78 லட்சத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஓடும் ரயிலின் கூரை! டீக்கடைப் பேச்சில் கண்டனத்தைவிட வியப்பே மேலோங்கியது. சரியாக மூன்று மாதம் கழித்து, நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று பிரதமர் அறிவித்தார். எந்தத் திரைக்கதையாசிரியர் இதை எழுதினாலும் தயாரிப்பாளர் நம்ப முடியவில்லை என்று அடித்திருப்பார். இரண்டாண்டு கழித்துச் சிலர் பிடிபட்டபோது, வடக்கிலிருந்து வந்த, தண்டவாளத்தோரம் தங்கியிருந்த ஆட்கள் என்று செய்தி வந்தது. வியப்பு அத்தோடு போயிற்று. கோட்டுப் போட்ட ஒரு மூளை பின்னால் இருந்திருக்கும் என்று எதிர்பார்த்திருந்தோம் போலிருக்கிறது.

கொள்ளைப் படங்களைக் கண்டு தணிக்கைக்காரர்கள் எப்போதும் பயந்திருக்கிறார்கள், தவறான காரணத்துக்காக. ஹாலிவுட்டில் 1934 முதல் 1968 வரை கடுமையாக நடந்த விதிமுறை, குற்றவாளி கடைசியில் ஜெயிக்கக் கூடாது என்றது. அதனால்தான் 1960இல் வந்த முதல் 'ஓஷன்ஸ் லெவன்' படத்தில் கொள்ளைப் பணம் சவப்பெட்டிக்குள் எரிந்து சாம்பலாகும். விதிமுறை போன பிறகு வந்த படத்திலோ கூட்டாளிகள் நீரூற்றை வேடிக்கை பார்த்துவிட்டு ஒவ்வொருவராகக் கலைவார்கள். நம்மூர் வழிகாட்டு நெறியும் குற்றம் செய்யும் முறையைக் காட்டாதே என்கிறது. சாம்பலைப் பார்த்து எந்த ரசிகன் திருந்தினான்? பெட்டகம் உடைக்கச் சினிமாவில் பாடம் கற்றவன் எத்தனை பேர்? முறையை யாரும் கற்றுக்கொள்வதில்லை. யாரைப் பார்க்காமல் விடலாம் என்பதைத்தான் கற்றுக்கொள்கிறோம், அதற்குத் தணிக்கைச் சான்றிதழில் இடமில்லை.

'சூது கவ்வும்' (2013) எனக்கு மிகப் பிடித்த படம். கடத்தல்காரர்களின் கதை, கடத்தல் களவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. படத்தில் லஞ்சம் வாங்காத மந்திரி ஒருவர் உண்டு, எம்.எஸ். பாஸ்கர் நடித்தது. ஊரில் ஒரே நேர்மையாளர் அவர்தான், படத்தின் பெரிய ஜோக்கும் அவர்தான். கடைசியில் அவர் ஓரங்கட்டப்பட்டு, பணம் பறிக்கத் தன்னையே கடத்த உடன்பட்ட மகன் அரசியலுக்கு வந்துவிடுகிறான். இயக்குநர் நலன் குமரசாமி நேர்மையை அவமதித்தார் என்று சிலர் வருத்தப்பட்டார்கள். சிரித்தது நாம்தானே.

நம் சினிமாவில் திருடனை வைத்து இரண்டு வகைச் சிரிப்பு உண்டு. பெரிய திருடன் தப்பிக்கும்போது சிரிக்கிறோம். சின்னத் திருடன் அடி வாங்கும்போது சிரிக்கிறோம். கோழி திருடுகிறவன், பஸ்ஸில் பர்ஸ் அடிக்கிறவன், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவன் ஆகிய வேடங்களெல்லாம் நகைச்சுவை நடிகருக்கு. கட்டி வைத்து உதைப்பதே காட்சி. முதல்வகைத் திருடன் எவனுக்கும் பசி கிடையாது. ஜார்ஜ் குளூனி நடித்த டேனி ஓஷன் சாப்பாட்டுக்காகத் திருடினால் படம் சோகப்படமாகிவிடும். மூளைக்காரன் திருடும்போது நமக்கும் அந்த மூளை இருப்பதாக ஒரு சுகம். பசித்தவன் திருடும்போது பந்தியில் உட்கார்ந்திருக்கும் நம்மைப் பார்த்து அவன் ஏதோ கேட்கிறான். யாரிடம் திருடுகிறான் என்ற நம் நியாயத்தைக் கடைசிவரை கொண்டுபோனால், முதலில் விடுதலையாக வேண்டியவன் அவன்தான். தலைகீழாகத் தீர்ப்பளிக்கிறோம்.

2018 பிப்ரவரி 22, கேரளத்தின் அட்டப்பாடி. கடைகளில் அரிசியும் மளிகையும் எடுத்தான் என்று ஒரு பழங்குடி இளைஞனைக் காட்டிலிருந்து பிடித்து வந்து, கையைக் கட்டி அடித்தார்கள். பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். போலீஸ் ஜீப்பில் போகும் வழியில் இறந்தான். 2023இல் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது. அந்தச் செல்ஃபியில் நின்றவர்கள் கொள்ளைப் படம் பார்த்துக் கைதட்டாதவர்களாக இருந்திருப்பார்களா?

இத்தாலிக்காரர் மரியோ மோனிசெல்லி 1958இல் எடுத்த 'பிக் டீல் ஆன் மடோனா ஸ்ட்ரீட்' படத்தில் பஞ்சைப் பராரிகளின் கும்பல் ஒன்று அடகுக் கடைப் பெட்டகத்துக்காகச் சுவரை உடைக்கும். உடைத்தது தப்பான சுவர். போய் நிற்கும் இடம் ஒரு சமையலறை. அங்கே பாஸ்தாவும் கொண்டைக்கடலையும் மிச்சம் இருக்க, உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பசியையும் வைத்துக்கொண்டு சிரிக்க வைக்க முடியும் என்பதற்கு அறுபத்தைந்து ஆண்டுக்கு மேலாகச் சாட்சி இருக்கிறது. எடுக்கத்தான் ஆள் இல்லை.

சட்டம்கூட நம்மைவிடச் சாந்தமானது. பழைய தண்டனைச் சட்டத்தில் சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் மூன்றாண்டு. 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், 5000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதல்முறை திருடியவன் அதைத் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவைதான் தண்டனை. பொதுமக்கள் தர்ம அடி கொடுத்து ஒப்படைத்தனர் என்ற செய்தி மட்டும் நாளிதழ்களில் நிற்கவில்லை. நேற்றிரவு ஓடிடியில் பெட்டகம் திறந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு காவலாளி வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டவர், இன்று காலை தெருமுனைக் கம்பத்தில் கட்டப்பட்டவன்மேல் கை ஓங்குகிறார். அவனுடைய திட்டம் மோசமாக இருந்தது என்பதைத் தவிர அவன்மேல் அவருக்கு என்ன கோபம்?