தானமும் தேவையும்

ஆளவி நகரில், தொலைந்த எருதைத் தேடியலைந்த ஏழை உழவனொருவன் உபதேசம் கேட்கப் பசியோடு வந்தான். பகவான் புத்தர் முதலில் அவனுக்கு அன்னமிடச் செய்தார். பின்னரே தருமம் உரைத்தார்.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கியபின் நாகப்பட்டினத்தில் நிகழ்ந்ததென்ன? லாரி லாரியாய் வந்த பழந்துணிகள் சாலையோரம் கேட்பாரற்றுக் குவிந்தன. பிறர் கழித்த ஆடையை மானமுள்ள மீனவர் தொடுவரோ? அதே வேளையில், படகும் வலையுமற்ற தலித் கூலிமக்களும் இருளரும் பல ஊர்களில் நிவாரணப் பட்டியலில் இடம்பெறவேயில்லை. படகிழந்தவனுக்குக் கணக்குண்டு, வயலில் உப்பேறியதால் கூலியிழந்தவளின் இழப்பை எந்த ஏட்டில் எழுதுவது? ஆலையில் உழைத்தவன் நான், அறிவேன்: மஸ்டரில் பெயரேறாதவன் பகலெல்லாம் பாடுபட்டாலும் கூலி பெறான்.

ஆகவே, அடுத்த புயலுக்கு மூட்டை கட்டுமுன், சங்கத்தார் இருவரைக் கடைக்கோடிச் சேரிக்கு அனுப்பிக் கேட்டுவரச் செய்யுங்கள்.