உரு மாறிய படமும் கல்லில் நின்ற பண்ணும்

எடிட்டிங் மென்பொருளுக்காக ஒரு வீடியோ கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றினால், கிடைப்பது அதே படமா, வேறு படமா?

பல கைபேசிகள் பயன்படுத்தும் எச்.264 முறை (2003) எல்லா ஃபிரேமையும் முழுதாகச் சேமிப்பதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்து வாடிவாசல் ஒன்றிலிருந்து காளை பாய்வதைப் பதிவு செய்தால், இடையிடையே ஒரு ஃபிரேம் மட்டுமே முழுப் படம். மற்றவற்றில் இருப்பது திமில் எங்கே நகர்ந்தது, எவ்வளவு புழுதி கிளம்பியது என்ற மாற்றக் குறிப்பே. அசையாமல் நிற்கும் கம்பத்தை மறுபடி எழுதுவதில்லை. பார்ப்பதற்கு இது போதும். வெட்டி ஒட்டும்போது, ஒரு ஃபிரேமைக் காட்டவே மென்பொருள் பின்னால் உள்ள முழுப் படத்துக்குப் போய்க் கணக்கிட்டு வர வேண்டும், கணினி திணறுகிறது. அதனால்தான் எடிட்டர்கள் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்து நிற்கும் புரோரெஸ், டிஎன்எக்ஸ்ஹெச்டி போன்ற கோடெக்குகளுக்கு, அதாவது படத்தைக் குறியாக்கித் திருப்பும் முறைகளுக்கு, மாற்றுகிறார்கள். கோப்பு பல மடங்கு பெரிதாகும். கைபேசி ஏற்கெனவே உதறிய நுணுக்கம் எதுவும் திரும்பி வராது. எம்கேவியிலிருந்து எம்பி4 என உறையை மட்டும் மாற்றினாலோ, படத்தின் எண்களில் ஒன்றுகூட மாறாது.

அதே மாவட்டத்துச் சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டக் குகையின் கற்படுக்கைகளில் தவமிருந்த துறவிகளின் சமயமான சமணம், மாறிய பொருள் அதேதானா என்ற கேள்வியை வெகு காலம் முன்பே எடுத்துக்கொண்டது. தோற்றம், அழிவு, நிலைபேறு மூன்றும் கூடியதே இருப்பு என்கிறது உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம். சமந்தபத்திரர் ஆப்தமீமாம்சையில் பொற்குடத்தை உருக்கி முடி செய்வதை உவமையாக்குகிறார்: குடத்தை விரும்பியவன் வருந்துவான், முடியை விரும்பியவன் மகிழ்வான், பொன்னையே விரும்பியவனுக்கு இரண்டும் ஒன்று. அப்படியே இங்கும் மாற்றக் குறிப்புகள் அழிகின்றன, முழு ஃபிரேம்கள் தோன்றுகின்றன, காளையின் பாய்ச்சல் நிலைக்கிறது. எண்களை நோக்கினால் வேறு, காட்சியை நோக்கினால் அதே, இரண்டும் உண்மை. ஓரிடத்தில் மட்டும் உவமை இடறுகிறது. பொன் எடை குறையாமல் உருகும். இழப்புள்ள கோடெக்கில் ஒவ்வொரு மாற்றமும் கொஞ்சம் தேய்க்கிறது. பத்து முறை மாற்றிய படத்தைப் பொன்னுக்கு ஒப்பிட முடியாது.

குறிகள் மாறியும் காட்சி நிலைப்பதற்கு நேர்மாறான நிலை அதே மாவட்டத்துக் குடுமியான்மலையில் இருக்கிறது. சிகாநாதர் கோயிலை ஒட்டிய பாறையில், ஏழாம் நூற்றாண்டின் கிரந்த எழுத்தில், ஏழு பகுதிகளாகச் சுரக்கோவைகள் வெட்டப்பட்டுள்ளன. ர, ரி, ரு, ரெ என ஒரே சுரம் நான்கு உயிரொலிகளோடு வருகிறது. அந்த வேறுபாடு சுருதியைக் குறிக்கிறதா, வீணையில் விரலின் இடத்தைக் குறிக்கிறதா என்பதில் அறிஞர்கள் ஒருமித்ததில்லை. எழுத்து பிழைத்தது, வாசிக்கும் முறை தொலைந்தது. கோப்பு இருக்கிறது, கோடெக் இல்லை. ஆகவே நிலைத்து நிற்பதைக் குறிகளில் மட்டும் தேடினால் கிடைக்காது. குறியை ஒலியாகவோ காட்சியாகவோ திருப்பும் அறிவும் அந்தப் பொருளின் பாதி.

ஒவ்வொரு மாற்றமும் தேய்ப்பதால், மூலக் கோப்பைத் தொடாமல் வைத்துக்கொண்டு, மாற்றிய பிரதியில் மட்டும் வெட்ட வேண்டும். வாசிக்கும் முறை தொலையாதிருக்க, மூலத்தோடு கோடெக்கின் பெயர், ஃபிரேம் வேகம், நிறப் பதிவு முறை ஆகியவற்றையும் எழுதி வைக்க வேண்டும்.