அந்த நேரத்தில் எங்கே இருந்தாய்?

கடற்கரை ஊரான புதுமடத்தில் ஒரே வீட்டு அண்ணன் தம்பி இருவர் என்று வைத்துக்கொள்வோம். மூத்தவருக்கு துபாயில் வேலை. இளையவர் வள்ளத்தில் நண்டு வலை விடப் போகிறவர். ஊரில் ஒரு கொலை நடக்கிறது. ஆள் அகப்படவில்லை. பழைய மனஸ்தாபத்தை வைத்து இருவர் பெயரும் அடிபடுகிறது. மூத்தவரைக் காப்பாற்ற பாஸ்போர்ட் முத்திரை போதும். இளையவர் அன்றிரவு மன்னார் வளைகுடாவில் இருந்தார். அங்கே முத்திரை குத்த ஆளில்லை. கூட வந்த மச்சான் ஒருவர்தான் சாட்சி. “சொந்தக்காரன் வேறெப்படிச் சொல்வான்?” என்ற ஒரே கேள்வியில் அந்தச் சாட்சியம் செல்லாக்காசாகிவிடும்.

இருவருமே நிரபராதிகள். ஆனால் காகிதம் இருப்பவர் தப்புகிறார், கடல் மட்டுமே இருப்பவர் சிக்குகிறார். இது நியாயமா?

‘குற்றம் நடந்த நேரத்தில் நான் வேறிடத்தில் இருந்தேன்’ என்பதை வக்கீல்கள் ‘அலிபி’ என்பார்கள். இந்த வாதத்துக்கு 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம் ஓர் உதாரணம் தந்தது: குற்றம் கல்கத்தாவில், ஆள் லாகூரில். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டம் அதைச் சென்னை, லடாக் என்று மாற்றியது. கடற்கரை ஊரில் நடக்கும் கொலைக்கும் சந்தேக நபருக்கும் இடையே அவ்வளவு தூரம் எங்கே இருக்கப்போகிறது? வேறிடத்தில் இருந்ததாகச் சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும். அரசுத் தரப்பு முதலில் தன் வழக்கை நிலைநாட்டிய பிறகே அந்தப் பொறுப்பு அவர் தலையில் விழும் என்று பினய் குமார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. காவல் நிலைய விசாரணையில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது.

1981-இல் துத்நாத் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது. எதிரித் தரப்புச் சாட்சிகளையும் அரசுத் தரப்புச் சாட்சிகளுக்குச் சமமாகவே எடைபோட வேண்டும். அந்த வழக்கில் அலிபி ஏற்கப்படவில்லை என்பது வேறு விஷயம். நெறி நெறிதான், மச்சானின் சாட்சியத்துக்கும் அது பொருந்தும்.

நிரபராதி வழுக்கி விழும் இடம் இனிமேல்தான் வருகிறது. பயந்துபோன குடும்பம் சாட்சியைப் பலப்படுத்தப் பார்க்கும். கடலுக்கே போகாத சித்தப்பா, “நானும் வள்ளத்தில் இருந்தேன்” என்பார். பாசத்தில் சொன்ன பொய்தான். குறுக்கு விசாரணையில் அது உடையும்போது மச்சான் சொன்ன உண்மையும் சேர்ந்து உடையும். சொந்தமில்லாத சாட்சியைத் தேடுவதே நேர்மையான வழி: கரையில் நண்டை எடை போட்ட வியாபாரியின் சிட்டை, செல்போன் கோபுரப் பதிவு, அதிகாலை சுபுஹு தொழுகைக்குப் போகும்போது வள்ளம் கரையேறக் கண்டவர். நேரம் சரியாக நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே சொல்லட்டும்.

சொந்தமில்லாத சாட்சி எதிர்பாராத இடத்தில் கிடைத்ததும் உண்டு. 2003-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் கொலைக் குற்றச்சாட்டில் சிக்கிய ஒருவர், கொலை நடந்த அன்று மகளோடு பேஸ்பால் பார்த்ததாகச் சொன்னார். நுழைவுச்சீட்டையும் உறவினர் சாட்சியத்தையும் விசாரணை அதிகாரிகள் நம்பவில்லை. அதே மைதானத்தில் அன்று ஒரு தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்பு நடந்திருந்தது. பயன்படுத்தாத காட்சிகளில் அவர் முகம் இருந்ததைத் தேடிப் பிடித்தது அவருடைய வக்கீல், காவல்துறை தேடவில்லை. அதற்குள் சுமார் ஐந்து மாதச் சிறைவாசம் முடிந்திருந்தது.

அந்த அதிர்ஷ்டத்தை எல்லாரிடமும் எதிர்பார்க்க முடியாது. கடைகளின் கேமராப் பதிவு சில வாரங்களில் அழிந்துவிடுகிறது, சிட்டைகள் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுகின்றன. காவலில் இருப்பவரால் இவற்றைத் தேடி அலைய முடியாது. ஆகவே விசாரணை அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: “கடலில் இருந்தேன்” என்று ஒருவர் சொன்னால், அதைப் பொய்யென்று எழுதும் முன் அன்றைக்கே கரைக்குப் போய் விசாரியுங்கள்.