கொண்ட நோன்பே குன்றாத் துணை



மனம் ஓரிடத்தில் நில்லாமல் அலைகிறதே என்று வருந்தாதவர் இந்நாளில் அரியர். நிலபுலம் இருக்கிறது, பிள்ளைகள் கற்று உயர்ந்திருக்கிறார்கள், உண்ணவும் உடுக்கவும் குறைவில்லை. ஆயினும் உள்ளத்தில் அமைதி இல்லை என்கிறோம். அவ்வமைதி எங்கே தொலைகிறது, எவ்வாறு மீள்கிறது என்பதைக் கொல்லிமலையில் கழிந்த ஒரு மாலைப்பொழுது எனக்குத் தெளிவாக்கியது. அதனை உங்கள் முன் வைக்க விழைகிறேன்.

சிராவகக் குடும்பங்கள் சிலவற்றோடு அண்மையில் நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குச் சென்றிருந்தேன். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலேறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பள்ளத்தின் ஓரமாகக் கட்டப்பட்டிருந்த சிறு தடுப்புச் சுவர்கள் வழியெங்கும் என் கண்ணில் பட்டுக்கொண்டே வந்தன.

கொல்லிமலை சங்கச் சான்றோர் பாடிய மலை. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை. கொல்லிப்பாவை என்னும் தெய்வப் பாவை நின்றதாகச் சொல்லப்படும் மலையும் இதுவே. காற்று மோதினும், மழை சீறினும், இடி விழினும், நிலமே அதிரினும் அப்பாவை தன் அழகு குன்றாமல் நிற்கும் என்று நற்றிணையில் பரணர் பாடியுள்ளார். இதனைச் சொல்லி முடித்தபோது எங்களுள் ஒரு பெரியவர், “ஐயா, பாவை அசையாமல் நின்றுவிடும். மனிதனால் முடியுமா?” என்று கேட்டார். அவர் குரலில் இருந்த வருத்தத்தை அப்போது நான் உணரவில்லை.

மலையில் விரைவில் இருள் சூழும். எனவே பொழுது சாயுமுன்னரே கட்டிக்கொண்டு போயிருந்த உணவை எல்லோரும் அமர்ந்து உண்டு முடித்தோம். சிறு பிள்ளைகளும் மறுப்பின்றி உண்டார்கள். பின்னர் அப்பெரியவர் என் அருகில் வந்து அமர்ந்து, தம் மனத்தில் இருந்ததைக் கூறினார்.

“ஐயா, இங்கே நம்மைப் பார்ப்பார் ஒருவரும் இல்லை. ஆயினும் இரவுணவு கொள்ளாமல் நோன்பைக் காத்தோம். ஊரும் உறவும் கூடியிருந்த நாளில்தான் நான் தவறினேன். என் மூத்த மகளின் திருமண வரவேற்பை இரவு ஏழு மணிக்கு மேல் வைக்க வேண்டும் என்று சம்பந்தி வீட்டார் விரும்பினார்கள். அலுவலகம் முடிந்துதான் விருந்தினர் வருவார்கள் என்றார்கள். மறுக்க எனக்குத் துணிவில்லை. நாங்கள் பகலிலேயே உண்டுவிடுவோம், விருந்தினருக்கு மட்டும் இரவில் பரிமாறலாம், ஒரு நாள்தானே என்று ஒப்புக்கொண்டேன். கடைசியில் சம்பந்தி கைபிடித்து அழைத்தபோது நானும் பந்தியில் அமர்ந்தேன். அன்றிரவு என் இளைய மகள், ‘அப்பா, நம் நியமம் எந்தெந்த நாளுக்கு உண்டு, எந்தெந்த நாளுக்கு இல்லை?’ என்று கேட்டாள். அவள் கேலியாகக் கேட்கவில்லை, அறிந்துகொள்ளவே கேட்டாள். என்னிடம் விடை இல்லை. அன்று முதல் எனக்கு உறக்கம் சரியாக இல்லை.”

அன்பர்களே, அவருக்கு நான் உடனே விடை சொல்லவில்லை. அந்த வரவேற்பில் நானும் இருந்தேன். அதே பந்தியில் நானும் உண்டேன். மேடையேறி அறம் உரைக்கும் நான், அழைத்தவர் மனம் நோகக் கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆகவே இவ்வுரையைக் குற்றமற்றவன் ஒருவன் பிறருக்குச் சொல்லும் அறிவுரையாகக் கொள்ளாதீர்கள்.

அவ்வேளையில் என் நினைவுக்கு வந்தது யசோதர காவியம். நம் வீடுகளில் பாட்டிமார் சொல்லக் கேட்ட கதைதான். உஞ்சயினி மன்னன் யசோதரன், தன் மனைவி அமிர்தமதி நெறி தவறியதை அறிந்து கலங்கினான். அவன் தாய் சந்திரமதி உண்மையை அறியாள். மகன் தீக்கனாக் கண்டு கலங்கினான் என்று எண்ணி, உயிர்ப்பலி கொடுத்தால் கேடு நீங்கும் என்றாள். உயிர்க்கொலை செய்ய மாட்டேன் என்று மன்னன் மறுத்தான். அதுவரை அவன் உறுதி குன்றவில்லை. தாய் மீண்டும் வற்புறுத்தினாள். உயிருள்ள கோழி வேண்டாம், மாவினால் செய்த கோழி போதும் என்றாள். மாவுதானே என்று மன்னன் இசைந்தான். வாள் பட்டவுடன் அம்மாவுக் கோழி உயிருள்ள கோழி போலக் கூவியது. மன்னன் நடுங்கினான். பின்னர் அமிர்தமதி இட்ட நஞ்சினால் தாயும் மகனும் மாண்டு, மயிலாகவும் நாயாகவும் பிறந்து, மேலும் பல விலங்குப் பிறவிகளில் உழன்றார்கள்.

மாவுக்கு ஏது உயிர்? அங்கே எந்த உயிர் கொலையுண்டது? இவ்வினாவை இளைஞர்கள் கேட்பது முறையே. கொலையுண்டது யசோதரனின் உறுதி என்பதே என் விடை. கொல்லாமை என்னும் நோன்பை முற்றும் விடவும் அவனுக்கு மனமில்லை; முற்றும் காக்கவும் துணிவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டான். வெட்டும் எண்ணத்தோடுதான் அவன் கை வாளை ஓங்கியது. எண்ணத்தால் வினை ஊறுகிறது என்பது நம் ஆகமம். பெரியவரின் ‘ஒரு நாள்தானே’, என்னுடைய ‘அழைத்தவர் மனம் நோகுமே’ ஆகிய இரண்டும் மாவுக் கோழிகளே.

அதே காவியத்தின் மறுபக்கத்தையும் பாருங்கள். பல பிறவிகளுக்குப் பின் அவ்விருவரும் அபயருசி, அபயமதி என்னும் இரட்டையராய்ப் பிறந்து, இளமையிலேயே நோன்பு பூண்டார்கள். மாரிதத்தன் என்னும் மன்னன் அவர்களைப் பலியிடக் கொணர்ந்து நிறுத்தியபோது, வாளின் முன்னும் அவர்கள் முகம் வாடவில்லை. அஞ்சாத அந்நிலை கண்டு வியந்த மன்னன் காரணம் கேட்டான்; கதை கேட்டான்; பலியைக் கைவிட்டான். முற்பிறவியில் நாடும் படையும் உடையவன் தாயின் சொல்லுக்கு நிலைகுலைந்தான். இப்பிறவியில் ஒன்றும் இல்லாத இளையவர் வாளுக்கும் நிலைகுலையவில்லை. வேறுபாடு, கொண்ட நோன்பில் அவர்கள் வைத்த உறுதி ஒன்றே.

மனத்தின் அமைதி பொருளினாலோ பிறர் புகழ்ச்சியினாலோ வருவதன்று. எனக்கு இது தகும், இது தகாது என்று முன்னரே தெளிந்து வகுத்துக்கொண்ட எல்லையினால் வருவது. மலைச் சாலையின் தடுப்புச் சுவரை நினைத்துப் பாருங்கள். அது பயணத்தைத் தடுப்பதில்லை. அது இருக்கும் துணிவில்தான் வண்டி வளைவைக் கடக்கிறது. வளைவில் நின்றுகொண்டு சுவர் கட்ட எவராலும் இயலாது. முன்னரே கட்டியிருக்க வேண்டும். சம்பந்தி கைபிடித்து அழைக்கும் நேரம் வளைவு நேரம். அப்போது சிந்தித்து முடிவெடுக்கலாம் என்றிருந்தால், சினமும் செருக்கும் அச்சமும் ஆசையும் நமக்காக முடிவெடுத்துவிடும். இவற்றை அடைக்கும் கதவைத்தான் நம் முன்னோர் செறிப்பு என்றார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நோன்பு பிறரை அடிக்கும் கோல் அன்று. இரவில் உண்பவரை இகழ்ந்துகொண்டே பகலில் உண்பவன், உணவை விட்டானே தவிரச் செருக்கை விடவில்லை. விளக்கொளியை நாடிவரும் சிற்றுயிர்க்கும் இரங்கவே இரவுணவு விலக்கப்பட்டது. அவ்வளவு சிறிய உயிருக்கு இரங்குபவன் எதிரில் இருக்கும் மனிதரை நோகச் செய்யலாமா? பணிவோடு மறுக்கலாம், காரணத்தை இனிய சொல்லால் விளக்கலாம். அவர்கள் ஏற்றால் மகிழ்ச்சி. ஏற்காவிட்டாலும் நம் அமைதி அவர்கள் கையில் இல்லை. இம்மலைக்குரிய ஓரியிடம் பரிசில் நாடி வந்த கழைதின் யானையார் பாடிய பாடலொன்று புறநானூற்றில் இருக்கிறது. பரிசில் கிட்டாதபோது இரவலர் வள்ளலைப் பழிப்பதில்லை, தாம் புறப்பட்ட வேளையையே நொந்துகொள்வர் என்பது அதன் கருத்து. நம் அறம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. வேளையையும் நோகாதே, உன் வினையை நோக்கு என்கிறது.

இல்லறத்தார் செய்யக்கூடியவை சில உண்டு. கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறர்மனை நயவாமை, மிகுபொருள் விரும்பாமை ஆகிய ஐந்து அணுவிரதங்களையும் உங்கள் குடும்ப நிலைக்கு ஏற்ப வரையறுத்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எல்லை சிறிதாக இருப்பினும் குற்றமில்லை. அடிக்கடி நகர்வதாக இருத்தல் ஆகாது. நாள்தோறும் இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், சாமாயிகத்தில் அமருங்கள். அன்றைய நாளில் எங்கே எல்லை கடந்தோம் என்று ஆராய்ந்து, பிரதிக்கிரமணத்தால் மனத்தைத் திருப்புங்கள். தவறியது அறிந்தும் திரும்பாமல் இருப்பதே பெருங்கேடு. திருமணம் பேசும்போது நகையும் நாளும் பேசுகிறோம். நம் நியமத்தையும் அன்றே பேசிவிட வேண்டும். விருந்தை மாலை நான்கு மணிக்கு வைத்து, பொழுது சாயுமுன் முடிவதாக அழைப்பிதழிலேயே அச்சிடலாம். வர விரும்புவோர் வருவார்கள்.

பெரியவரிடம் அன்று இவற்றுட் சிலவற்றையே சொன்னேன். “உங்கள் மகளின் வினாவுக்கு விடை சொல்லாமல் விட்டீர்களே, அதுதான் உங்களை உறங்கவிடவில்லை. அன்று தவறினேன் என்று அவளிடம் சொல்லுங்கள். நானும் தவறினேன் என்று சேர்த்துச் சொல்லுங்கள்” என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு எழுந்து, மற்றப் பிள்ளைகளோடு அமர்ந்திருந்த தம் இளைய மகளிடம் சென்றார். அவர் என்ன சொன்னார் என்பது எனக்குக் கேட்கவில்லை. அவள் நகர்ந்து தந்தைக்கு இடம் தந்ததை மட்டும் கண்டேன்.

மறுநாள் மலையிறங்கும்போது, இளையவளுக்கு வரன் பேச வருகிறவர்களிடம் முதல் நாளிலேயே இதைச் சொல்லிவிடப் போவதாக அவர் கூறினார். அவர்கள் என்ன விடை சொல்வார்களோ, அறியோம். ஆயினும் முந்திய இரவு நன்றாக உறங்கினேன் என்றார்.

பாவை அசையாமல் நின்றது, அதற்குள் அசைய ஒன்றும் இல்லாததால். நமக்குள் அசையும் மனம் உண்டு. அதற்கு ஊன்றுகோல் நாம் கொண்ட நோன்பே. அதனைப் பற்றி நின்று, எவ்வுயிர்க்கும் தீங்கு நினையாது, நிலைத்த இன்பம் எய்துவோமாக!

அறம் வளர்க! அருகன் திருவடி வாழ்க!