பட்டினி கிடக்கும் பாம்புக்குட்டி

முட்டையிலிருந்து வெளிவந்த பால் பைத்தான் (ball python) குட்டி முதல் தோலை உரிக்கும்வரை பெரும்பாலும் இரை எடுக்காது. வயிற்றில் மீந்த மஞ்சள்கருவே அதற்குப் போதும். அதன்பிறகும் மறுத்தால்தான் வளர்ப்பவருக்கு அறச்சிக்கல் தொடங்குகிறது. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவுக்கு உரிய இந்தப் பாம்பு தானாக விரும்பிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வரவில்லை. ஆகவே அதன் பசிக்கு அடைத்துவைத்தவரே பொறுப்பு.

உறைந்த சுண்டெலியை வெந்நீரில் இளக்கி, உடல்சூடு வரச்செய்து, இடுக்கியில் பிடித்து மெல்ல அசைத்தால் உதட்டோரக் குழிகள் வெப்பத்தை உணரும். கழுத்து ‘எஸ்’ போல் வளையும். சில குட்டிகள் அப்போதும் தலையைச் சுருளுக்குள் புதைத்துக்கொள்ளும்.

உயிருள்ள எலியை விடலாமா? எலியும் வலி அறியும். மூலையில் சிக்கினால் பாம்பையே கடித்துக் குதறும். சோழர்கள் தம் முன்னோனாகக் கொண்டாடிய சிபியின் கதையில் பருந்து கேட்பதும் இந்த நியாயத்தைத்தான்: புறாவைக் காத்தால் தன் பசிக்கு என்ன வழி? சிபி தன் தசையை அறுத்துக் கொடுத்தான். பாம்பு வளர்ப்பவருக்கு அந்த வழி இல்லை. கொல்லாமையை முழுதாக ஏற்பவர் பாம்பு வளர்க்காமல் இருப்பதே நேர்மை.

வாயைத் திறந்து இரையைத் திணிப்பது, குட்டி கண்கூடாக மெலியும்போது மட்டும், பழகிய கைகளால் செய்யத்தக்கது. அதற்குமுன் மறைவிடமும் சரியான வெப்பமும் தந்து ஒரு வாரம் தொடாமல் விட்டாலே பல குட்டிகள் இரவில் தாமாக இரை எடுத்துவிடும்.